பேசத் தெரிந்தால் போதுமா?
ஆங்கிலச் சொல்வளம் பெருகக் குடும்பமாய்ச் செய்யத்தக்க முயற்சிகள்



சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, தில்லி, பெங்களூரு, அகமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்களில் ஆங்கிலம் சற்றும் அறியாத வீடு இன்று அரிது. பிள்ளைகள் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். அண்டை வீட்டாரோடும் அலுவலகத்தாரோடும் நாமும் ஒருவாறு பேசிச் சமாளித்துவிடுகிறோம். ஆயினும் மூன்று காகிதங்கள் கைக்கு வரும்போது நம்மில் அநேகர் திகைத்து நிற்கிறோம். ஒன்று பிள்ளையின் வினாத்தாள்; மற்றொன்று மருத்துவமனையின் பரிசோதனை அறிக்கை; மூன்றாவது கடன் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ. பேச்சில் ஒருபோதும் கேட்டிராத சொற்கள் அவற்றில் வரிசையாக நிற்கின்றன. பிள்ளையின் மதிப்பெண்ணும் வீட்டாரின் உடல்நலமும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணமும் அந்தச் சொற்களைச் சார்ந்திருக்கின்றன. ஆகவே உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பது நமக்கு அலங்காரமல்ல, அவசியம். அதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஆங்கிலத்திற்குள் இரண்டு அடுக்குகள்

தமிழில் வீட்டுப்பேச்சு ஒன்று, ஏட்டுத்தமிழ் வேறொன்று என்பது நாம் பிறந்தது முதல் அறிந்த காரியம். "வீடு வாங்கினான்" என்று பேசுகிற நாமே பத்திரத்தில் "கிரயம் பெற்றான்" என்று வாசிக்கிறோம். வில்லங்கம், சுவாதீனம், பாத்தியதை போன்ற சொற்களைப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் வாசலுக்குச் செல்லும் நாளில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறோம்.

ஆங்கிலத்திலும் இப்படிப்பட்ட இரண்டு அடுக்குகள் உண்டு. அதற்கு ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. 1066-ஆம் ஆண்டில் பிரான்சின் நார்மண்டி பகுதியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அதன்பின் ஏறக்குறைய 300 ஆண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. கல்வியும் சமயமும் லத்தீன் மொழியில் நடந்தன. வயலிலும் சந்தையிலும் மாத்திரம் ஆங்கிலம் வழங்கியது. இதன் விளைவாக ஒரே பொருளுக்கு இரட்டைச் சொற்கள் உண்டாயின. 'பை' என்றாலும் வாங்குதல், 'பர்சேஸ்' என்றாலும் வாங்குதல். அவ்வாறே 'ஹெல்ப்' என்பதற்கு 'அசிஸ்ட்', 'பிகின்' என்பதற்கு 'கமென்ஸ்', 'எண்ட்' என்பதற்கு 'டெர்மினேட்', 'ஆஸ்க்' என்பதற்கு 'என்கொயர்' என்று இணைச் சொற்கள் உள்ளன. முதலாவது சொல் அடுப்படியில் வழங்கும். இரண்டாவது சொல் அலுவலகக் கடிதத்தில் வரும்.

நாம் நகரத்தின் தெருவில் கற்றுக்கொண்டது முதல் அடுக்கு. நம்மைத் திகைக்கப் பண்ணுவது இரண்டாம் அடுக்கு. எதைக் கற்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிறதல்லவா?

பிள்ளையின் வினாத்தாள்

"என் மகன் சரளமாக ஆங்கிலம் பேசுகிறானே, தேர்வில் மாத்திரம் ஏன் இப்படி?" என்று கலங்குகிற பெற்றோர் அநேகர். கனடா நாட்டின் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை கூறினார். உரையாடலுக்கு வேண்டிய மொழித்திறன் வேறு, பாடத்தைப் புரிந்துகொண்டு எழுதுவதற்கு வேண்டிய மொழித்திறன் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஏறக்குறைய 2 ஆண்டுகளில் தோழர்களோடு சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பாட ஆங்கிலத்தில் உடன்படிக்கும் பிள்ளைகளுக்கு இணையாக வருவதற்கு அவர்களுக்கு 5 முதல் 7 ஆண்டுகள் தேவைப்பட்டன. சுற்றிலும் ஆங்கிலமே பேசும் நாட்டில் நிலைமை இதுவானால், வீட்டில் தமிழும் தெருவில் மராத்தியோ கன்னடமோ இந்தியோ கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுமை காட்ட வேண்டும்! நாவில் ஆங்கிலம் ஓடுகிறதென்று பெற்றோர் நிம்மதியடைந்துவிடலாகாது. மதிப்பெண் குறைந்ததென்று பிள்ளையை மந்தபுத்தி என்று தீர்த்துவிடவும் கூடாது.

பாட ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எவை? நியூசிலாந்தின் வெலிங்டன் நகரிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் பல துறைகளின் கல்வி நூல்களையும் கட்டுரைகளையும் ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் அடங்கிய ஒரு பட்டியலை வெளியிட்டார். சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவைகளும் சேர்ந்தது. 'அனலைஸ்', 'அனாலிசிஸ்', 'அனலிட்டிகல்' ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். கலை, அறிவியல், வணிகம், சட்டம் ஆகிய எத்துறையிலும் இந்தப் பட்டியலின் சொற்கள் தலைகாட்டுகின்றன.

வினாத்தாளில் விடையின் போக்கை நிர்ணயிக்கிற சொற்களில் பல இப்பட்டியலைச் சேர்ந்தவை. 'ஜஸ்டிஃபை' என்றால் விடையைக் கூறினால் போதாது, அதற்குரிய காரணத்தையும் காட்ட வேண்டும். 'இன்ஃபர்' என்றால் நேரடியாகச் சொல்லப்படாததைக் கொடுக்கப்பட்ட குறிப்புகளிலிருந்து ஊகித்து அறிய வேண்டும். 'கான்ட்ராஸ்ட்' என்றால் வேறுபாட்டை எடுத்துக்காட்ட வேண்டும். 'இல்லஸ்ட்ரேட்' என்றால் உதாரணத்தாலோ படத்தாலோ விளக்க வேண்டும். 'இவால்யுவேட்' என்னும் சொல் கணக்கில் வந்தால் மதிப்பைக் கண்டுபிடி என்று பொருள். சரித்திரப் பாடத்தில் வந்தால் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார் என்று பொருள். பாடம் தெரிந்திருந்தும் இந்தச் சொல் தெரியாமல் மதிப்பெண்ணை இழக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! பழைய வினாத்தாள்கள் ஐந்தாறை எடுத்து, கேள்விகளின் முதற்சொற்களை மாத்திரம் பிள்ளையோடு அமர்ந்து தொகுத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் முடியும் வேலை இது. பலனோ பள்ளிக்காலம் முழுவதும் நிற்கும்.

மருத்துவமனை அறிக்கை

ஆராதனை முடிவில் கூறப்படும் ஆசீர்வாதத்தை 'பெனடிக்ஷன்' என்கிறோம். லத்தீனில் 'பெனே' என்றால் நன்றாக. 'டிகெரே' என்றால் சொல்லுதல். நன்மையைக் கூறுதல் என்பதே அதன் பொருள். 'பெனே' என்ற இந்த வேரைப் பிடித்துக்கொண்டால் 'பெனிஃபிட்', 'பெனிஃபிஷியரி', 'பெனவலன்ட்' ஆகியவை தாமாகவே விளங்கும். வங்கியில் பணம் அனுப்பும்போது யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவரே 'பெனிஃபிஷியரி', அதாவது நன்மை பெறுகிறவர். இதற்கு எதிர்ப்பதமான வேர் 'மேல்', அதாவது தீமை. 'மேல்நியூட்ரிஷன்' என்பது ஊட்டக் குறைபாடு. சதைக்கட்டியைச் சோதித்த அறிக்கையில் 'பினைன்' என்றிருந்தால் அது புற்றுநோயல்லாத கட்டி. 'மலிக்னன்ட்' என்றிருந்தால் புற்றுநோய்க் கட்டி. இந்த இரண்டு சொற்களும் மேற்சொன்ன இரண்டு வேர்களிலிருந்து வந்தவையே. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைக் காணும் வரை இரவெல்லாம் நடுங்குகிற ஒரு தாய்க்கு இந்தச் சிறிய அறிவு எத்தனை உதவியாயிருக்கும்!

கிரேக்க வேர்களும் மருத்துவத்தில் நிறைந்திருக்கின்றன. 'ஹைப்பர்' என்றால் மிகுதி. 'ஹைப்போ' என்றால் குறைவு. நீரிழிவு உள்ளவருக்கு 'ஹைப்பர்கிளைசீமியா' என்றால் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துவிட்டது. 'ஹைப்போகிளைசீமியா' என்றால் சர்க்கரை அளவுக்குமீறிக் குறைந்துவிட்டது. பின்னதில் நினைவோடிருப்பவருக்கு உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்; முன்னதில் அதுவே கேடாகும். 'ஐட்டிஸ்' என்று முடியும் சொல் அழற்சியைக் குறிக்கும்: 'ஆர்த்ரைட்டிஸ்' மூட்டழற்சி, 'டான்சிலைட்டிஸ்' தொண்டையிலுள்ள சதையின் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் அறுத்து நீக்குதல்: 'ஹிஸ்டரெக்டமி' கருப்பையை நீக்கும் அறுவை. சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன்பு இதை அறிந்திருப்பது நலம். 'அக்யூட்' என்றால் திடீரென்று தோன்றியது. 'கிரானிக்' என்றால் நாட்பட்டது. சோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால், தேடிய நோய் அதில் காணப்படவில்லை என்று பொருள். அதைக் கெட்ட செய்தி என்று எண்ணி அழுதவர்களும் உண்டு. இவையெல்லாம் மருத்துவருடைய விளக்கத்திற்கு ஈடாகா. ஆனால் அவரிடம் சரியான கேள்வியைக் கேட்கும் தைரியத்தை நமக்குத் தரும்.

கையொப்பமிடும் முன்

நகரத்தில் ஒருவருக்கொருவர் உதவி செய்துதான் நம்முடைய ஜனங்கள் பிழைக்கிறார்கள். நண்பர் வங்கியில் கடன் வாங்கும்போது, "அண்ணே, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார். சாட்சிக் கையெழுத்துதானே என்று எண்ணி நாமும் போட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் 'விட்னஸ்' என்றிருக்கிறதா, 'ஷூரிட்டி' அல்லது 'கேரன்டர்' என்றிருக்கிறதா என்று பார்த்தோமா? முன்னது சாட்சி. பின்னது பிணையாளி. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், பிணையாளியின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமாக விரிந்தது என்று கூறுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி இதுவே விதி. இதற்குச் சட்டம் பயன்படுத்தும் சொல் 'கோ-எக்ஸ்டென்சிவ்'. நண்பர் கட்டத் தவறினால் அசல், வட்டி ஆகியவற்றுக்காக வங்கி நம்முடைய வாசலில் வந்து நிற்கலாம் என்பதே இதன் கருத்து. ஒரு சொல்லை அறியாததால் வீட்டுச் சேமிப்பே கரைந்துபோகக் கூடும்.

இப்படிப்பட்ட பத்திரங்களில் வரும் சில சொற்களைத் தனியே குறித்து வையுங்கள். 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்றால் கூட்டாகவும் தனித்தனியாகவும் என்று பொருள். பேச்சில் 'செவரல்' என்றால் பல. சட்டத்தில் அது 'தனித்தனியே' என்று மாறுகிறது. முழுத்தொகையையும் ஒருவரிடமே வசூலிக்க இந்தச் சொற்றொடர் இடமளிக்கிறது. 'வெய்வ்' என்றால் நமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்தல். 'இண்டெம்னிஃபை' என்றால் மற்றவருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்ய ஒப்புக்கொள்ளுதல். மும்பையில் வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற ஒப்பந்தமே எழுதப்படுகிறது. இங்கே 'லீவ்' என்பது விடுமுறையல்ல, அனுமதி. வீட்டைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கிறதேயன்றி அந்தச் சொத்தில் உரிமை எதுவும் உண்டாவதில்லை. 'லாக்-இன் பீரியட்' என்று கண்டால், அந்தக் காலம் முடியும் முன்பு வெளியேறினால் என்ன செலுத்த வேண்டும் என்று கேட்டறியுங்கள். விளங்காத சொல் ஒன்று மீதியிருக்கும் வரை, "வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

நம் கையிலுள்ள பொக்கிஷம்

வேதாகமத்தைத் தமிழில் நன்கு வாசித்திருக்கிற நமக்கு ஒரு விசேஷித்த வசதி உண்டு. கருத்தை ஏற்கெனவே அறிந்திருக்கிற நூலை இன்னொரு மொழியில் வாசிக்கும்போது சொற்கள் எளிதில் பிடிபடும். மேலே கண்ட 'ஷூரிட்டி' நம்முடைய வேதாகமத்தின் பிணையாளியே. உடன்படிக்கை 'கவனன்ட்', அந்தச் சொல் இன்றும் சொத்துப் பத்திரங்களில் வருகிறது. மீட்பு 'ரிடெம்ப்ஷன்', அடமானம் வைத்த சொத்தைக் கடனடைத்து மீட்பதற்கும், மியூச்சுவல் ஃபண்டில் போட்ட பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் அதே சொல்தான். மன்னிப்பைக் குறிக்கும் 'ரிமிஷன்', சிறைத்தண்டனைக் குறைப்பையும் குறிக்கிறது. லேவியராகமத்தின் போக்காடு ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்'. 1530-இல் வெளியான தமது மொழிபெயர்ப்பில் வில்லியம் டிண்டேல் உருவாக்கிய சொல் அது. இன்று செய்தித்தாளில், பிறர் செய்த பிழைக்குப் பழி சுமக்கிறவரை அச்சொல்லால் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் பதிப்பில் உள்ள ஆங்கிலம் பழமையானது. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் தமிழில் முந்திக்கொள்ளுதல் என்றுள்ள இடத்தில், அப்பதிப்பில் 'பிரிவென்ட்' என்றிருக்கும். முன்னே வருதல் என்பதே அந்தச் சொல்லின் பழைய பொருள். இன்றோ அதற்குத் தடுத்தல் என்று பொருள். ஆதலால் சொற்களைக் கற்கும் நோக்கத்தோடு வாசிக்கிறவர்கள் தற்கால ஆங்கிலப் பதிப்பையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

எத்தனை சொற்கள் வேண்டும்?

1884-இல் தவணை தவணையாக வெளிவரத் தொடங்கி 1928-இல் நிறைவுபெற்ற ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களும் சொற்றொடர்களும் இருந்தன. இதைக் கேட்டு மனந்தளர வேண்டாம். அன்றாட எழுத்தில் பெரும்பகுதியைச் சுமப்பவை மிகச் சில சொற்களே. நம்முடைய துணைக்கண்டத்தில், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் இதை நன்கு உணர்ந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தை வாசிக்கப் படும் பாட்டைக் கண்டு, அதிகம் வழங்கும் சொற்களை முதலில் கற்பிக்கும் வாசக நூல்களை அவர் எழுதினார். சுமார் 2,000 சொற்கள் அடங்கிய அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியல் 1953-இல் வெளிவந்தது.

நியூசிலாந்தின் மொழியறிஞர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலையும் செய்தித்தாளையும் பிறர் உதவியின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. பக்கத்திலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் அவர் இதைக் கூறினார். அதாவது 50 சொற்களுக்கு ஒரு சொல் மாத்திரம் புதிதாக இருக்கலாம். புத்தகம் தெரிந்தெடுக்க இதுவே நல்ல அளவுகோல். ஒரு பக்கத்தில் 250 சொற்கள் இருந்தால், தெரியாதவை 5-க்கு மேல் போகக் கூடாது. 20 சொற்கள் தெரியவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள்.

காக்ஸ்ஹெட்டின் 570 குடும்பங்களை நாளொன்றுக்கு 5 வீதம், வாரத்தில் 6 நாட்கள் கற்றால் 19 வாரங்களில் முடித்துவிடலாம். ஐந்து மாதங்கூட ஆகாது.

கற்றதை மறவாதிருக்க

கற்பதைவிட நினைவில் நிறுத்துவதே கடினம். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, 1885-இல் மறதியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் நாளிலும் வேகமாக நடக்கிறது, பின்பு அதன் வேகம் தணிகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் குறைந்த பிரயாசத்தில் நினைவு நிலைபெறுகிறது என்றும் அவர் கண்டார். தேர்வுக்கு முந்தின இரவு 100 சொற்களை உருப்போடுகிறவன் ஏன் வாரக் கடைசியில் வெறுங்கையாய் நிற்கிறான் என்பது இதனால் விளங்கும்.

இந்த உண்மையை வைத்து செபாஸ்டியன் லைட்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் 1970-களில் ஓர் எளிய பெட்டி முறையைப் பிரபலமாக்கினார். அதை நம் வீட்டிலேயே செய்யலாம். பழைய திருமண அழைப்பிதழ்களை உள்ளங்கை அளவு அட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். மறுபக்கத்தில் தமிழ்ப்பொருளும் ஒரு முழு வாக்கியமும் இருக்கட்டும். காலணிப் பெட்டியொன்றை ஐந்து அறைகளாகத் தடுத்து, புதிய அட்டைகளை முதல் அறையில் வையுங்கள். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாவதை வாரம் ஒருமுறையும், நான்காவதை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாவதை மாதம் ஒருமுறையும் எடுத்துப் பாருங்கள். பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பிவிடும். மறுபக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பு பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இதில் முக்கியம். நினைவிலிருந்து எடுக்க முயலும் அந்த உழைப்பே சொல்லைப் பதிய வைக்கிறது.

அட்டையில் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் 'கோட்' என்று எழுதினால் அது மேலங்கியா வெள்ளாடா என்று தெரியாது. ககரத்தின் இரண்டு ஒலிகளுக்கும் நமக்கு ஓர் எழுத்துதான் உண்டு. அகராதியிலுள்ள ஒலிக்குறிகளையும் கற்றுக்கொள்வது இதனால் அவசியமாகிறது; கைப்பேசியில் கிடைக்கும் அகராதிகளில் ஒலியையே கேட்கலாம்.

சொல்லோடு அதன் கூட்டாளிகளையும்

பொருள் தெரிந்தும் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவது உண்டு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' வராது; ஆனால் நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் அது நுழைந்துவிடுகிறது. தேநீர் 'ஸ்ட்ராங்' ஆயிருக்கும், 'பவர்ஃபுல்' ஆயிராது. தமிழ்ப்பேச்சில் நாம் வழங்கும் ஆங்கிலச் சொற்களும் நம்மை ஏமாற்றும். வகுப்பில் "டவுட் கேட்டேன்" என்கிறோம். ஆங்கிலேயருக்கு அச்சொல் அவநம்பிக்கையையே குறிக்கும், அவர்கள் கேட்பது 'கொஸ்சன்'. சாப்பாட்டுக் கடையை 'ஹோட்டல்' என்கிறோம். அவர்களுக்கு அது தங்கும் விடுதி. நேர்முகத் தேர்வில் இவை உறுத்தும்.

வேர்ச்சொல் அறிவுக்கும் எல்லையுண்டு. 1949-இல் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்ற நூல் வேர்களின் வழியாகச் சொற்களைக் கற்பிக்கிறது. இன்றும் நம் நடைபாதைப் புத்தகக் கடைகளில் அது கிடைக்கிறது. நல்ல நூல்தான். ஆயினும் 'இன்' என்று தொடங்கினால் எதிர்மறை என்று எண்ணி, லாரியில் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' என்பதைத் தீப்பிடிக்காதது என்று கொண்டால் விபரீதமாகும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதே அதன் பொருள். வேர்களைக் கொண்டு ஊகியுங்கள். அகராதியைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள்.

அதற்கேற்ற அகராதி கற்போருக்கான அகராதியே. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் மாணவர் படும் சிரமத்தைக் கண்டு தயாரித்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதன் வழிவந்ததே இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் அகராதி. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதை அது வாக்கியங்களால் காட்டுகிறது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி, விளக்கங்கள் அனைத்தையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது.

தாய்மொழியை விட்டுவிடாதிருங்கள்

பிரியமான பெற்றோரே, ஆங்கிலம் வளர வேண்டுமென்று வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கம்மின்ஸின் கருத்தோ இதற்கு நேர்மாறானது. ஒரு மொழியில் ஆழமாக விளங்கிக்கொண்ட கருத்து மற்ற மொழிக்கும் துணை செய்கிறது என்கிறார் அவர். பிணையாளி என்றால் என்னவென்று தமிழில் அறிந்த பிள்ளைக்கு 'ஷூரிட்டி' என்பது ஒரு புதிய பெயர் மாத்திரமே. இரண்டிலும் அறியாத பிள்ளைக்கோ கருத்தையும் பெயரையும் சேர்த்தே கற்க வேண்டிய பாரம் உண்டு. ஆங்கிலத்தில் போதிய திறமையில்லாத பெற்றோர் தடுமாறும் ஆங்கிலத்தில் பேசுவதைவிட, நல்ல தமிழில் காரணகாரியங்களை விளக்கிப் பேசுவது பிள்ளைக்கு அதிகப் பிரயோஜனம்.

தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று அந்நியமுமல்ல. சென்னை வேப்பேரியில் ஊழியஞ்செய்த ஃபெப்ரீஷியஸ் தமிழ்-ஆங்கில அகராதியை 1779-ஆம் ஆண்டிலேயே அச்சிட்டார். நம்முடைய கட்டுமரம் 'கேட்டமரன்' என்றும், சுருட்டு 'ஷெரூட்' என்றும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்றும் ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். இரு மொழிகள்மேலும் அவர்களுக்கு விருப்பம் பிறக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. கற்ற அரிய சொற்களைச் சபையிலும் வீட்டிலும் அள்ளி வீசி, அறியாதவரை நாணப் பண்ணுவது தகாது. உயர்ந்த சொற்களை அறிந்தவர் செய்யத்தக்க நற்செயல், அவற்றை அறியாதவருக்கு எளிய தமிழில் விளக்கித் தருவதே. பக்கத்து வீட்டு அம்மாவின் மருத்துவ அறிக்கையை வாசித்துச் சொல்லும் வாலிபனும், புதிதாக நகரத்திற்கு வந்த சகோதரரின் வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாக விளக்கும் சகோதரியும் தங்கள் கல்வியைச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வாரத்திலேயே ஆரம்பியுங்கள். இரவு உணவுக்குப் பின் 20 நிமிடம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கிவைத்து, அட்டைப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமாய் உட்காருங்கள். முதல் ஐந்து அட்டைகளுக்கு 'ஷூரிட்டி', 'வெய்வ்', 'பினைன்', 'ஜஸ்டிஃபை', 'இன்ஃபர்' ஆகிய சொற்கள் போதும். ஆங்கிலச் சொல்லின் ஒலியைப் பிள்ளைகள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அதன் கருத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கட்டும்.